பிஞ்சு என்று சொன்னேன்

தமிழில் முத்துவதெல்லாம் கெட்டதுதான். பைத்தியம் முத்தும், சண்டை முத்தும், சளி முத்தும். கத்திரிக்காய் முத்தினால் மாட்டுக்குப் போகும். நோய் முத்திப்போச்சு என்று டாக்டர் சொல்லிவிட்டால் வீட்டில் எல்லோரும் குரலைத் தணித்துக்கொள்வார்கள். தேங்காய் ஒன்றுதான் முத்தினாலும் மரியாதையோடு இருக்கிறது. பிஞ்சு என்றால் மட்டும் நமக்கு மனசு இளகிவிடும். பிஞ்சுக் கை, பிஞ்சு முகம், பிஞ்சு வெள்ளரிக்காய். இந்த இரண்டு சொற்கள் மேலும் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. சொல்லின் மேல் கோபப்படுகிறவன் கிறுக்கன் என்று எனக்கும் தெரியும். என் அண்ணன் செத்துப்போனதற்கு நான் வேறு யார் மேல் கோபப்படுவது?

அது யுத்த காலம். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ரத்தமும் மூத்திரமும் சளியும் பார்க்கிற அறையில் நான் உதவி டாக்டராக இருந்தேன். எங்கள் ஊர் உசிலம்பட்டி. எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அப்பா போய்விட்டார். ஆத்தா சந்தையில் காய்கறி விற்றாள். என்னைவிட மிகவும் மூத்தவரான அண்ணன் மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் பஸ் ஓட்டினார். இந்த இரண்டு பேரும் சேர்ந்துதான் என்னை டாக்டர் ஆக்கினார்கள். அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. படிக்கப் போன அன்றிலிருந்தே "டாக்டரே" தான். நான் பரீட்சையில் கோட்டை விட்ட வருஷமும் "டாக்டரே" தான். அது பிரியமா குத்தலா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

மதினி தலைப்பிரசவத்தில் இறந்துபோனார். பிள்ளையும் தங்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் வேறு கல்யாணப் பேச்சை எடுக்கவே விட்டதில்லை. நாற்பதைத் தாண்டியும் அவருக்கு ஆத்தாவும் பஸ்ஸும்தான் குடும்பம்.

ஆத்தாவின் குரல் சந்தையின் மறுகோடிக்குக் கேட்கும். "பிஞ்சு வெண்டே, பிஞ்சு கத்திரி!" யாராவது சந்தேகப்பட்டால் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துக் காட்டுவாள். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, நாராக வளைந்தால் முத்தல். அவள் கூடையில் முத்தல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக வீடு போய்ச் சேர முடியாது. "ஏன் தாயி, காயி முத்தலா, ஓம் பல்லு ஆடுதா?" என்று கேட்டுவிடுவாள்.

பெட்ரோல் கிடைக்காத வருஷங்கள் அவை. பஸ்ஸின் பின்னால் ஆள் உயர இரும்பு உருளை ஒன்றைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தக் கரிப்புகையில் வண்டி ஓடியது. கிளம்புவதற்கு முன் நெருப்புக்குக் காற்று போக ஒரு கைப்பிடியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்றம் வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். பாதி வழியில் வண்டி படுத்துக்கொண்டால் அண்ணன் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எல்லாரும் கீழ எறங்குங்க, வண்டிக்கு மூச்சு வாங்குது" என்பார். அதனால் அவருக்கு இடுப்பில் வலி வந்தபோது ஊரே பஸ்ஸைத்தான் வைதது. நானும்தான் வைதேன். எண்ணெய் போட்டு நீவிவிட்டார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள், பல்லி விழுந்த பலன்கூடப் பார்த்தார்கள். ஆள் வெளுத்துக்கொண்டே வந்தார். ஒருநாள் காலையில் அந்தக் கைப்பிடியைச் சுற்றும்போது விலா எலும்பு ஒன்று முறிந்தது. பக்கத்தில் நின்றவர்களுக்குச் சத்தம் கேட்டதாம். மனுஷன் அந்த விலாவோடு ஜனங்களை ஏற்றி, செக்கானூரணி வழியாக மதுரைக்கு வண்டியைக் கொண்டுவந்து சேர்த்து, எல்லோரையும் இறக்கிவிட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தார்.

சும்மா கைப்பிடி சுற்றினால் எலும்பு முறியாது. அவருடைய மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டுச் சூடாக்கினேன். சூடு ஏற ஏறக் கலங்கித் திரண்டது. கொதித்ததும் தெளிந்துவிட்டது. சாதாரணமாக அப்படி நடக்காது. அந்த விசித்திரத்தைப் புஸ்தகத்தில் படித்திருந்தேனே தவிரக் கண்ணால் பார்த்ததில்லை. முதன்முதலில் என் அண்ணன் மூத்திரத்தில்தான் பார்க்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது. எக்ஸ்ரேயில் மண்டை ஓட்டிலும் விலாவிலும் ஆணி அடித்துப் பிடுங்கினாற்போல ஓட்டைகள் தெரிந்தன. எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையில் வருகிற புற்றுநோய் அது. பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

நெஞ்செலும்பில் தடித்த ஊசியை இறக்கி மஜ்ஜையை உறிஞ்சி எடுக்கிற வித்தையை அவர் அப்போதுதான் சென்னையில் கற்றுக்கொண்டு வந்திருந்தார். மேஜையில் மல்லாந்து கிடந்த அண்ணன் ஊசியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன டாக்டரே, உள்ள ஆயில் இருக்கான்னு குச்சிய விட்டுப் பாக்குறீகளா?"

பெரிய டாக்டர் சிரித்துவிட்டார். மரத்துப்போக மருந்து போட்டால் தோலுக்குத்தான் மரக்கும். மஜ்ஜையை உறிஞ்சுகிற அந்தக் கணத்துக்கு மருந்து கிடையாது. அண்ணன் கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவர் கை மட்டும் இறுகியது. ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய கை அது.

கண்ணாடித் துண்டில் மஜ்ஜையை மெல்லிசாகத் தடவி, சாயம் போட்டு, கழுவி, காயவைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

நான் தேடியது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மஜ்ஜையில் பிளாஸ்மா செல் என்று ஒரு வகை அணு உண்டு. எல்லோரிடமும் கொஞ்சம் இருக்கும். அது புற்றாக மாறிப் பெருகினால் எலும்பை அரித்துவிடும். முதிர்ந்த பிளாஸ்மா செல்லை ஒரு தடவை பார்த்தவன் மறக்கமாட்டான். உருவம் முட்டை மாதிரி. அதன் உட்கரு நடுவில் இராமல் ஓரமாக ஒதுங்கியிருக்கும். உட்கருவுக்குள் சாயம் திட்டுத்திட்டாக ஏறி, ஆரக்கால் போட்ட வண்டிச்சக்கரம் ஒன்று தெரியும். முதிராத செல்லில் அந்தச் சக்கரம் இருக்காது. உட்கரு பெரிதாகச் செல்லையே அடைத்துக்கொண்டு, மெல்லிய வலைபோல் பரந்து கிடக்கும். அந்த வலைக்குள் ஒன்றிரண்டு உருண்டைப் புள்ளிகள் தெரியும். சுற்றிலும் அடர்ந்த நீலம்.

இரண்டும் புற்றுதான். ஆனால் முதிர்ந்த செல் வளர்ந்து முடிந்தது. அது நிறைந்த மஜ்ஜையில் நோய் மெதுவாக நகரும், ஆள் சில வருஷம் தாங்கக்கூடும். முதிராத செல் இன்னும் வளர்வது, பெருகுவது. அது நிறைந்திருந்தால் மாசக் கணக்குதான். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், கையில் இருந்த வைத்தியம் அதைவிடக் குறைச்சல். அண்ணனுக்குப் புற்று என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். நான் வேண்டிக்கொண்டதெல்லாம் சக்கரம் தெரிய வேண்டும் என்றுதான்.

பார்த்த முதல் இடத்திலேயே சக்கரம் தெரிந்தது. ஓரமாக ஒதுங்கிய உட்கரு, அழகான ஆரக்கால்கள். பக்கத்திலேயே இன்னொன்று. எனக்குக் கண் கலங்கி, லென்ஸைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பெரிய டாக்டர் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"ஒனக்குப் புடிச்ச எடத்துலயே நிக்காத தம்பி. நகத்து."

நகர்த்தினேன். அடுத்த இடத்தில் சக்கரம் இல்லை. அதற்கடுத்த இடத்திலும் இல்லை. பெரிய பெரிய உட்கருக்கள், வலை, வலைக்குள் புள்ளி, சுற்றிலும் நீலம். சில செல்களில் இரண்டு உட்கருக்கள். ஒன்று இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்த நிலையிலேயே சாயத்தில் மாட்டியிருந்தது. நான் கண்ணாடியை வேகமாகத் தள்ளிக்கொண்டே போனேன். எங்கேயாவது ஒரு கூட்டம் சக்கரம் வந்துவிடாதா என்று தேடினேன். அவர் என் கையைத் தொட்டு நிறுத்தி, தாமே குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்ததும் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "இம்மெச்சூர்." பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "இத நீ பாத்திருக்கக் கூடாது" என்றார்.

அறைக்கு வெளியே ஆத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சந்தையை விட்டுவிட்டு வந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"என்னடா சின்னவனே, ஓம் பூதக்கண்ணாடில என்னடா தெரிஞ்சுச்சு?"

அவளிடம் மறைக்க வேண்டும் என்று எனக்கு எண்ணம் இல்லை. மெதுவாகச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் நான் படித்ததெல்லாம் இங்கிலீஷில். இம்மெச்சூர் என்பதை ஆத்தாவுக்கு எப்படிச் சொல்வது? தேடினேன். அவள் கூடையிலிருந்தே ஒரு சொல் வந்து விழுந்தது.

"அண்ணன் எலும்புக்குள்ள இருக்குற அணுவெல்லாம் பிஞ்சா இருக்கு ஆத்தா. அம்புட்டும் பிஞ்சு."

அதற்கு மேல் நான் பேசுவதற்கு அவள் விடவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "கருப்பா!" என்றாள். அந்தத் தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. "பிஞ்சுதானா? முத்தலையே? முத்துறதுக்கு முன்னாடி கண்டுபுடிச்சுட்டியா என் ராசா!" என் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினாள். அடுத்த நிமிஷம் அண்ணன் படுத்திருந்த வார்டுக்குள் ஓடிவிட்டாள். அந்த வயசில் அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நான் பின்னாலேயே போனேன்.

"பெரியவனே, பிஞ்சாம்டா! பிஞ்சுலயே பாத்துட்டான் ஒந்தம்பி! இனி கிள்ளி எறிஞ்சுட வேண்டியதுதான்!"

அண்ணன் அவளைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவள் தோளுக்கு மேலாக என் முகத்தைப் பார்த்தார். வண்டி ஓட்டுகிறவர், எதிரில் வருகிறவன் எந்தப் பக்கம் ஒடிப்பான் என்று முகத்தைப் பார்த்தே சொல்வார். சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் தாழ்த்திக்கொண்டார்.

ஆத்தா வெளியே போய்க் கருப்பட்டி வாங்கி வந்தாள். சீனி ரேஷனில்கூட ஒழுங்காகக் கிடைக்காத நாள். கருப்பட்டியைத் தரையில் தட்டி உடைத்து, வார்டில் படுத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு துண்டு கொடுத்தாள். யாரும் காரணம் கேட்கவில்லை, ஆனாலும் எல்லோரிடமும் சொன்னாள். அண்ணன் கையை நீட்டி, "எனக்கு இல்லையா?" என்றார். அவருக்குப் பெரிய துண்டாகக் கொடுத்தாள்.

அவள் பாத்திரம் கழுவப் போன நேரத்தில் அண்ணன் என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னார்.

"இப்பச் சொல்லு டாக்டரே. ஆத்தா சொல்ற பிஞ்சு எனக்கு வேணாம். நீ பாத்த பிஞ்சச் சொல்லு."

சொன்னேன். சக்கரத்தைப் பற்றிச் சொன்னேன், அது இல்லாததைப் பற்றிச் சொன்னேன், எவ்வளவு காலம் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது நான்தான் அழுதேன். அவர் என் தலையில் கையை வைத்தார்.

"செருப்பு பிஞ்சுபோச்சு, டயரு பிஞ்சுபோச்சுங்கிறோம்ல, அந்தப் பிஞ்சுன்னு சொல்லு" என்றார். தன் ஹாஸ்யத்துக்குத் தானே சிரித்து, விலா வலித்து முகம் சுளித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆத்தாட்ட நீ எதையும் மாத்திச் சொல்லாத. அந்தச் சொல்லு அது பாட்டுக்குக் கெடக்கட்டும். இம்புட்டு வருசத்துல அவ ஓடி நான் இன்னைக்குத்தான் பாத்தேன்."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆத்தா உசிலம்பட்டியையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். அண்ணன் ஓட்டிவந்த பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்குக்கூடக் கருப்பட்டி கொடுத்தாளாம். நான் ஊருக்குப் போனால் ஜனங்கள் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். "கைராசிக்காரன்யா, பிஞ்சுலயே புடிச்சுட்டான்ல" என்பார்கள். நாடி பார் என்று கையை நீட்டுவார்கள். எனக்கு அவர்களை அறைய வேண்டும் போலிருக்கும். சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

அதோடு விட்டாளா? அண்ணனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கினாள். நோய்தான் பிஞ்சாயிற்றே, கிள்ளி எறிந்ததும் கட்டி வைத்துவிட வேண்டியதுதானே. பக்கத்து ஊரில், கல்யாணம் தள்ளிப்போன ஒரு பெண் இருந்தது. தாம்பூலத் தட்டு வரைக்கும் பேச்சுப் போய்விட்டது. எனக்குத் திகிலாக இருந்தது. அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? அன்று நான் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் ஊருக்குப் போனேன். அண்ணன் முந்திக்கொண்டார். வீட்டில் தலையணையை அணைத்துக்கொண்டு சாய்ந்திருந்தவர், ஆத்தாவைக் கூப்பிட்டார்.

"ஆத்தா, கரி வண்டி ஓட்டுறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? மூஞ்சியெல்லாம் கரி. பெட்ரோல் வரட்டும். வந்த மறுநா நான் கட்டிக்கிறேன்."

"சத்தியமாடா?"

"சத்தியமா."

ஆத்தா அதை நம்பினாள். சந்தைக்கு வருகிற லாரிக்காரர்களிடமெல்லாம், யுத்தம் எப்போது முடியும், பெட்ரோல் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷி சண்டை ஓய வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

நோய் நான் கண்ணாடியில் பார்த்தபடியே நடந்துகொண்டது. ரத்தம் ஏற்றினோம், வலி உள்ள எலும்புகளுக்குக் கதிர் காட்டினோம், கடைசியில் வலிக்கு ஊசி மட்டும். அண்ணன் இருமினால் விலா முறிந்தது, புரண்டால் தோள் முறிந்தது. அவரைத் தொடவே பயமாக இருந்தது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் போய்விட்டார். தூக்கும்போதுகூட நான், மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். செத்தவருக்கு இனி எது முறிந்தால் என்ன?

காரியம் முடிந்த அன்று ஆத்தா கூட்டத்துக்கு நடுவில் எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை.

"பிஞ்சுலயே பாத்தியேடா. கிள்ளத் தெரியலையா ஒனக்கு?"

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அண்ணன் கை என் தலையில் இருந்ததை நினைத்தேன், விழுங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் மருந்து வாங்கிச் சாப்பிட்டதில்லை. காய்ச்சல் வந்தால் வேறு டாக்டரிடம் போனாள். நான் பக்கத்தில் இருக்கும்போதே, "அவன் நல்ல பிள்ளதான். கைராசி கெடையாது" என்று வருகிறவர்களிடம் சொல்வாள். வைகிற மாதிரி இருக்காது, காய் விலை சொல்வதைப் போல் இருக்கும். டாக்டருக்கு அதைவிடப் பெரிய வசவு எங்கள் பக்கத்தில் இல்லை. பெற்றவளே சொன்னால் யாரிடம் போய் நான் முறையிடுவது? மனசு விட்டுப்போகும். ஆனாலும் வாரம் தவறாமல் போய் அவள் கையால் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

யுத்தம் முடிந்தது. கொஞ்ச காலம் கழித்து பஸ்ஸின் பின்னால் இருந்த உருளையைக் கழற்றி எறிந்தார்கள். ஒருநாள் நான் போனபோது ஆத்தா வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஓட்டிய பஸ் புகையில்லாமல் போயிற்று. "பெட்ரோல் வந்துருச்சுடா" என்றாள். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மறு வருஷம் அவள் சந்தைக்குப் போவதை விட்டுவிட்டாள், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் நாலைந்து வெண்டைச் செடி போட்டிருந்தாள். நான் போயிருந்த ஒரு காலையில், குழம்புக்குக் காய் பறிக்க என்னையும் கூப்பிட்டாள். எனக்குக் காய் பறிக்கவெல்லாம் தெரியாது. கையில் பட்டதைப் பிடித்தேன், பூ அப்போதுதான் உதிர்ந்திருந்த ஒரு சின்னக் காய்.

"ஏய், அத விடுறா, பிஞ்சு" என்றாள். "ஒரு ராத்திரி விட்டா வெரல் நீளம் வந்துரும். அந்தா, அந்த முத்தல வேணா ஒடி. அது இனி வளரப்போறதில்ல, கெடந்த மேனிக்குத்தான் கெடக்கும். பிஞ்சுதான..."

நிறுத்திவிட்டாள். செடியைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. நான் அந்தக் காயை விடவும் இல்லை, பறிக்கவும் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சின்னவனே. அன்னைக்கு நீ சொன்னது இதத்தானா?"

"ஆமா ஆத்தா."

"அவனுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். உன்கிட்டச் சொல்ல வேணாம்னு அண்ணன்தான் சொன்னாரு."

ஆத்தா செடிகளுக்கு நடுவில் மண்ணில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வருஷக்கணக்காக என்னைத் தொடாமல் இருந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் பிடித்த அதே இடம்.

"ஊருக்கெல்லாம் கருப்பட்டி குடுத்தேனே" என்றாள். "அவனும் கைய நீட்டி வாங்கித் தின்னானேடா."